டீக்கடை விலைப்பலகையையும் படம் எடுக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், இப்போதெல்லாம் எல்லாரும் கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு இட்லியைக்கூடப் படம் பிடித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள், இந்தக் குப்பையை எல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று காய்ச்சி எடுத்திருந்தார். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டாரே, அதற்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். தேதி எழுதுவதைப் பற்றிச் சொல்கிற இடத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நானும் அவர் திட்டுகிற அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். மதுரையில் ஒரு அச்சகத்தில் வேலை. வீட்டிலிருந்து நடந்தே போவேன், நடந்தே வருவேன், போகிற வழியில் கண்ணில் படுவதை எடுப்பேன். டீக்கடை விலைப்பலகை, பிளாஸ்டிக் குடங்களை மலை போலக் கட்டிக்கொண்டு போகும் டி.வி.எஸ். வண்டி, பூட்டிய கடை ஷட்டரில் 'இங்கே வண்டி நிறுத்தாதே' என்று யாரோ கோபத்தோடு சாக்பீஸில் எழுதியது, காதணி விழாவுக்கு ஒரு தெருவையே அடைத்து வைத்த பேனர். மதுரைச் சுவரொட்டிகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அதற்கென்றே ஒரு தனி ஆல்பம் வைத்திருக்கிறேன். அழகான படம் எடுக்க எனக்கு வராது. சூரிய உதயம், கோபுரத்தின் மேல் நிலா, இதெல்லாம் எடுப்பதற்கு ஊரில் நல்ல கேமராவோடு நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். நான் எடுத்ததை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவேன், சொந்தக்காரர்கள் குழுவில் போடுவேன், நாலு பேர் கை கூப்புவார்கள், ஒருவர் கிண்டல் செய்வார், அத்தோடு சரி.

முதல் தடவை ஒரு டீக்கடையில் விலைப்பலகையை எடுத்தபோது மாஸ்டர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஏண்ணே, கார்ப்பரேஷன்ல இருந்து வர்றீங்களா?" என்றார். இல்லை, சும்மா என்றேன். "சும்மா எதுக்குண்ணே போர்டப் போட்டோ எடுக்குறீங்க, டீ வேணும்னா சொல்லுங்க" என்றார். நியாயமான கேள்வி. இன்று அந்தப் பலகையில் ஒன்றுமே இல்லை என்பது உண்மைதான். அதே கடையில் டீ பத்து ரூபாயாக இருந்தபோது எடுத்த படமும், பன்னிரண்டு ஆனபோது எடுத்ததும், பதினைந்து ஆனபோது எடுத்ததும் இப்போது என்னிடம் இருக்கின்றன. மூன்றையும் அவரிடமே காட்டினேன், கடையில் இருந்தவர்கள் எல்லாம் டீயை மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பத்து ரூபாய்ப் பலகையில் இருக்கும் கையெழுத்து அவருடைய அப்பாவுடையதாம். அது எனக்குத் தெரியாது. அவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மதுரையின் மிகப் பழைய புகைப்படங்களில் ஒரு தொகுதி 1858-ல் எடுத்தது. லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், வந்து எடுத்துக்கொண்டு போனார். லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்திலும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன, இணையத்திலும் பார்க்கலாம். வைகை ஆறு இருக்கிறது, திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது, புதுமண்டபம் இருக்கிறது, பிளாக்பர்ன் கலெக்டருக்கு எழுப்பிய விளக்குத்தூண்கூட இருக்கிறது. (கோட்டைச் சுவரை இடித்து வெளிவீதிகளைப் போட வைத்த கலெக்டர் அவர், இன்று விளக்குத்தூணில் துணி வாங்கப் போகிற கூட்டத்தில் அவர் யாரென்று கேட்டால் கடை பேர் என்றுதான் நினைப்பார்கள்.) ஒவ்வொரு படமும் எந்த இடம் என்று எழுதி, விளக்கக் குறிப்புகளோடு தொகுதியாக வெளியிட்டிருக்கிறார்கள், அதனால்தான் 160 வருடம் கழித்தும் இது இன்ன இடம் என்று நாம் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது.

ஆனால் அந்தப் படங்களில் ஊர் மக்களைத்தான் காணோம். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் ஒளி பதிவதற்கு நெடுநேரம் பிடிக்கும், நடமாடுகிறவர்கள் பதிய மாட்டார்கள், அசையாமல் உட்கார்ந்தவர்கள்தான் தெரிவார்கள். கல் இருக்கிறது, தூண் இருக்கிறது, மரம் இருக்கிறது. அன்று காலையில் அந்தத் தெருவில் என்ன விற்றார்கள், என்ன விலைக்கு விற்றார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை. டிரைப்பைக் குறை சொல்லி என்ன செய்ய, அவரிடம் இருந்த கருவி அப்படி.

அதற்கப்புறம் கருவி மாறியது, செலவு மாறவில்லை. ரோல் கேமரா காலத்து ஆட்களுக்குத் தெரியும், ஒரு ரோலில் 36 படம், கெட்டிக்காரராக இருந்தால் இழுத்துப் பிடித்து 37, 38 எடுப்பார். ரோலுக்கு ஒரு காசு, கழுவ ஒரு காசு, பிரிண்ட் போட ஒரு காசு. கல்யாணத்துக்கு வாங்கிய ரோலில் மூன்று படம் மிச்சம் இருக்கும், அதை முடிப்பதற்கு அடுத்த வீட்டுக் காதுகுத்து வரும் வரை கேமரா பீரோவுக்குள் காத்திருக்கும். ஊட்டியில் 1960-ல் மத்திய அரசு ஆரம்பித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்தது, நம் ஊர் ஸ்டூடியோக்கள் அதைத்தான் போட்டு அடித்தன. அந்த ஆலையும் இப்போது மூடிக் கிடக்கிறது. இவ்வளவு செலவு செய்து யார் அடுப்படியைப் படம் எடுப்பார்கள்? அதனால்தான் நம் வீட்டு ஆல்பங்களில் மாப்பிள்ளை வீட்டார் வரிசை வரிசையாக நிற்கிறார்கள், அம்மா தினமும் உட்கார்ந்து அரிசி புடைத்த அந்தத் திண்ணை ஒரு படத்தில்கூட இல்லை. பழைய ஆல்பத்தைப் பார்க்கும்போது நான் முகங்களைவிட ஓரங்களைத்தான் பார்ப்பேன். தாத்தாவுக்குப் பின்னால் தொங்கும் காலண்டர், ஸ்டூல் மேல் இருக்கும் ரேடியோ, தற்செயலாக உள்ளே வந்துவிட்ட பக்கத்து வீட்டுப் பையன்.

ஆக, டீக்கடைப் பலகையை ஒரு காசு செலவில்லாமல் எடுத்து வைக்க முடிகிற முதல் தலைமுறை நாம்தான். போன் வைத்திருப்பவர்கள் எல்லாரும் எடுக்கிறார்கள் என்று எரிச்சல்படுவது எனக்குப் புரியவில்லை. எடுக்கட்டுமே.

எங்கள் ஊரிலேயே பாருங்கள், கொஞ்ச வருடங்களுக்குள் எவ்வளவு மாறிவிட்டது. 1952-ல் திறந்த தங்கம் தியேட்டர், ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று நாங்கள் பெருமை பேசிய இடம், இன்று அங்கே ஜவுளிக்கடை நிற்கிறது. பெரியார் பேருந்து நிலையத்தை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டி 2021 டிசம்பரில் திறந்தார்கள். புதியது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய நிலையத்தில் பேருந்துகளுக்கு நடுவே வெள்ளரிக்காய்க் கூடையோடு ஓடியவர்கள், ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்தவர்கள், இவர்களில் யாரையாவது யாராவது எடுத்திருக்கிறீர்களா என்று குழுவில் கேட்டேன். ஒருவரிடம் ஒரு படம் இருந்தது, அதுவும் அவர் தன் புது பைக்கை எடுத்த படம், பின்னால் பேருந்து நிலையம் தெரிகிறது.

புதுமண்டபம் எனக்கு இன்னும் மனசுக்கு நெருக்கம். நாயக்கர் காலத்துச் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் கட்டுகிறவர்களும் கருப்பசாமி வேடம் கட்டுகிறவர்களும் அங்கேதான் உடை தைத்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் பாத்திரம், ஒரு பக்கம் வளையல், ஒரு பக்கம் பள்ளிக்கூடப் புத்தகமும் பூஜைப் புத்தகமும். மண்டபத்தைப் பழையபடி பாதுகாக்க வேண்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். அது சரியா தப்பா என்று நான் வாதாட வரவில்லை, சிற்பத்தின் மேல் ஆணி அடித்துத் துணி மாட்டியதையும் பார்த்திருக்கிறேன். டிரைப் 1858-ல் எடுத்த புதுமண்டபம் இருக்கிறது, வெளிநாட்டுப் பயணிகள் எடுத்த தையல்காரர்கள் படங்களும் இருக்கின்றன. அங்கே பாவாடைக்கு அளவு கொடுக்கப் போன நம் வீட்டுப் பெண்கள் எடுத்தது எந்தப் போனில் இருக்கிறது? அதே மாதிரிதான் மீனாட்சியம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம். 2018 பிப்ரவரி 2-ம் தேதி தீப்பிடித்தது, அங்கிருந்த கடைகள் போயின. அப்புறம் கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை. 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழ்நாடு முழுக்கக் கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று உத்தரவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, சாமி கும்பிடப் போகிற இடத்தில் முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிற கூத்தைப் பார்த்தவன் நான். ஆனால் தீப்பிடிப்பதற்கு முன்னால் அந்தக் கடைகளில் குங்குமச்சிமிழ் வாங்கும்போது எடுத்த படம் யார் வீட்டிலாவது இருந்தால், அது இனி யாராலும் எடுக்க முடியாத படம்.

இப்போது தேதிக்கு வருகிறேன். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் சில வருடங்களாக வைகைத் தண்ணீர் வந்து நிரம்பி நிற்கிறது. இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அது எப்போதும் தண்ணீர் நிற்கிற குளம். அதற்கு முன்னால் வருடத்தில் முக்கால்வாசி நாள் அது கிரிக்கெட் மைதானம், ஒரே நேரத்தில் பல மேட்ச் நடக்கும், ஒரு மேட்ச் பந்து அடுத்த மேட்சுக்குள் போய் விழும். தெப்பத் திருவிழாவுக்கே தண்ணீர் இல்லாமல் நிலைத்தெப்பமாக நடந்த வருடங்கள் உண்டு. அந்தக் கிரிக்கெட் படம் ஒன்று எங்கள் குழுவில் வந்தது, யாரோ அனுப்பி யாரோ அனுப்பி வந்தது. மைய மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பையன் பந்து போட ஓடி வருகிறான், அருமையான படம். எந்த வருடம்? ஒருவர் 2009 என்றார், ஒருவர் அதெல்லாம் இல்லை 2014 என்றார், மூன்றாமவர் அந்தப் பையன் போட்டிருக்கும் சட்டையில் இருக்கும் ஐ.பி.எல். அணியை வைத்துத் துப்பறிய ஆரம்பித்தார், ராத்திரி பதினொரு மணி வரைக்கும் சண்டை. எடுத்தவர் யார் என்றும் தெரியவில்லை. குளம் வறண்டு கிடந்ததற்குச் சாட்சியாகக் காட்ட வேண்டிய படம், வருடம் தெரியாததால் வெறும் 'ஞாபகங்கள்' என்ற தலைப்போடு சுற்றிக்கொண்டிருக்கிறது.

போன் படம் எடுக்கும்போதே தேதி, நேரம், லொகேஷன் போட்டிருந்தால் இடம், எல்லாவற்றையும் படத்துக்குள்ளேயே எழுதி வைத்துவிடுகிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த விவரத்தை உருவி எடுத்துவிடும், படத்தையும் சுருக்கிவிடும். அதையே டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். இது தெரிந்தவர்கள் மிகவும் குறைவு, என் அனுபவத்தில். வீட்டையும் குழந்தைகளையும் எடுத்த படத்தைப் பொதுவில் போடும்போது லொகேஷன் போகாமல் இருப்பதே நல்லது, அதையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு சிரமம் வேண்டாம் என்றால் ஒரே ஒரு வரி தட்டினால் போதும்: ஊர், தெரு, தேதி, என்ன நடக்கிறது. 'இனிய காலை வணக்கம்' என்று தட்டுகிற அதே விரலால் 'கீழவாசல், 2024 ஐப்பசி, மழைக்கு ஒதுங்கிய பருத்திப்பால் வண்டி' என்று தட்டலாம். பிரிண்ட் போட்ட படம் என்றால் பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும், ஸ்கெட்ச் பேனா மை அடுத்த படத்தில் ஒட்டும்.

பிரிண்ட் எதற்கு, எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பார்கள். ஃபேஸ்புக் மாதிரி அப்போது இருந்த ஆர்குட் தளத்தில் போட்டவர்களைக் கேளுங்கள், 2014 செப்டம்பர் 30-ம் தேதி மூடிவிட்டுப் போனார்கள். கூகுள் போட்டோஸ் எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம் என்றது, 2021 ஜூன் 1 முதல் அதையும் 15 ஜி.பி. கணக்கில் சேர்த்துவிட்டது. இடம் நிரம்பிவிட்டது என்று செய்தி வரும்போது ஜனங்கள் எதை அழிக்கிறார்கள் என்று கவனித்திருக்கிறேன்: கல்யாணப் படத்தை யாரும் தொட மாட்டார்கள், முதலில் போவது தெருவும் டீக்கடையும் மொட்டை மாடியில் காய்ந்த வடாமும்தான். ஆகவே நான் அவ்வப்போது சிலதைப் பொறுக்கி மேக்ஸி சைஸில் பிரிண்ட் போட்டு வைக்கிறேன், ஒரு படத்துக்குப் பத்துப் பதினைந்து ரூபாய்தான் ஆகிறது. ஒட்டும் பசைத் தாள் உள்ள பழைய மாடல் ஆல்பத்தில் மட்டும் வைக்காதீர்கள், மஞ்சளாகிவிடும், பிரித்தெடுக்கவும் வராது. விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி வைப்பது இன்னொரு வழி. யார் வேண்டுமானாலும் நம் பெயரைச் சொல்லிவிட்டுப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு அங்கே போடலாம், தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கும் அது உதவும். பெயரைச் சொல்வது பற்றிப் பேசும்போது உங்கள் தொழில்காரர்கள் எல்லாருக்குமாக ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: 'நன்றி: இணையம்' என்று போடுவதை நிறுத்தலாம். இணையம் எந்தப் படத்தையும் எடுக்கவில்லை.

ஸ்டூடியோக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களில் மிஞ்சியிருந்த படங்களைத் தேடி டிஜிட்டலாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து ஆய்வாளர்கள் செய்திருக்கிறார்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தில் அது இருக்கிறது. நம் தாத்தா பாட்டி ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைத்து நின்ற படங்களுக்கே இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. கிராமத்து வாழ்க்கைக்கு 2014-ல் பத்திரிகையாளர் பி. சாய்நாத் ஆரம்பித்த 'பாரி' (PARI) இணைய ஆவணகம் இருக்கிறது, சாமானியர்களின் அன்றாட வாழ்க்கைதான் அவர்கள் விஷயமே. நல்ல வேலை. ஆனால் அவர்கள் வந்து எடுக்கும் வரைக்கும் என் தெரு காத்திருக்காது.

சரி, அந்தக் கடிதக்காரர் சொன்னதில் பாதி சரி என்றேனே, அது ஆட்களை எடுப்பது பற்றி. பூக்கட்டுகிற அம்மாவைக் கேட்காமல் எடுத்துவிட்டு 'உழைப்பின் அழகு' என்று தலைப்புப் போடுகிற வழக்கம் எனக்குப் பிடிக்காது. கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள், "பேப்பர்ல வருமா தம்பி?" என்று தலையைக் கோதிக்கொள்வார்கள். சில பேர் வேண்டாம் என்பார்கள், அத்தோடு விட்டுவிட வேண்டும், தள்ளி நின்று ஜூம் போட்டு எடுப்பது திருட்டு. எடுத்ததைக் காட்ட வேண்டும், முடிந்தால் அடுத்த முறை போகும்போது ஒரு பிரிண்ட் கொடுக்க வேண்டும். யானைக்கல் பக்கம் வாழைப்பழ வண்டிக்காரர் ஒருவர் நான் கொடுத்த படத்தை பாலிதீன் கவரில் போட்டுத் தராசுக்கு மேல் மாட்டி வைத்திருக்கிறார், எனக்குக் கிடைத்த கண்காட்சி அதுதான். சீருடை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பொதுவில் போடக்கூடாது, பள்ளிப் பெயரோடு முகமும் போய்விடும். ஆஸ்பத்திரிப் படுக்கை, துக்க வீடு, விபத்தில் அடிபட்டவர், இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறவர்களை அந்த வாசகர் இன்னும் நாலு வார்த்தை கூடத் திட்டியிருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவேன்.

கடைசியாக ஒரு கோரிக்கை. உங்கள் ஞாயிறு இதழில் வாசகர் புகைப்படம் என்று ஒரு இடம் கொடுக்கிறீர்கள், அதில் எப்போதும் மயில், மலை, மழைத்துளி, சிரிக்கும் கிழவி. அதுவும் இருக்கட்டும். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் தாருங்கள், அன்றாடப் படங்களுக்கு மட்டும். தீப்பெட்டி அளவு போதும். பரிசு வேண்டாம், பரிசு என்றால் உடனே எல்லாரும் அழகாக எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தேதி, எடுத்தவர் யார், இந்த நாலும் இல்லாத படத்தைப் போடாதீர்கள், எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி. தேனிச் சந்தையும் பரமக்குடி நெசவுத் தறியும் தூத்துக்குடி உப்பளத்து டீ இடைவேளையும் அதில் வரட்டும். பழைய படங்களை வாசகர்கள் பிரிண்டாகவே தபாலில் அனுப்பினால் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுங்கள், பல வீடுகளில் நெகட்டிவ் எப்போதோ போய்விட்டது, கையில் இருப்பது அந்த ஒரே பிரதிதான். தபால் செலவுக்கு வேண்டுமானால் ஸ்டாம்ப் வைத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
மதுரை.